கோதை மேடமும் வாக்குச்சாவடிக்கு வந்த சாமியும்

அன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்ததுதான். ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கு எந்த நாளில் தண்ணீர் வரும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அன்று வந்திருந்தது. குடங்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது உள்ளே செல்போன் அடித்தது. கொழுந்தனாகத்தான் இருக்கும் என்று நினைத்து, கை ஈரம் காயட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் கொழுந்தன் தேவதானத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்கிறார். முந்தின நாள்கூட மறுபடி பேசியிருந்தார். "அண்ணி, வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்துருங்க. பங்காளி வீட்டு ஆளுக அம்புட்டுப் பேரும் வாராக. சூடம் ஏத்திருவோம்." எங்கள் குலதெய்வத்தின் முன் சூடம் ஏற்றி, ஓட்டுரிமை உள்ள ஒவ்வொருவரும் அதன்மேல் கையை நீட்டி, "இன்னாருக்குத்தான் போடுவேன்" என்று சத்தியம் செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். நான் ராஜபாளையத்தில் தனியாகக் குடியிருந்தாலும் என் ஓட்டு இன்னும் ஊரில்தான் இருக்கிறது. கணவர் ராணுவத்தில் வடக்கே இருக்கிறார். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

செல்போன் மறுபடி அடித்தது. அழைத்தவர் கொழுந்தன் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கோதை மேடம் குடியிருந்த வீட்டின் உரிமையாளரம்மா பேசினார். "செல்வியா? மாடியில டீச்சர் கதவு திறக்கலம்மா. எப்பவும் எங்களுக்கு முந்தி எந்திரிச்சுருவாக. வீட்டுக்காரரு ஜன்னல் வழியா பாத்தாரு..." மேடம் இறந்துவிட்டார் என்பதை அழுகையினூடே சொல்லி முடித்தார். நான் போனை வைத்துவிட்டு வெளியே வந்தபோது குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பேராசிரியர் கோதைநாயகி எங்கள் கல்லூரியில் அரசியல் அறிவியல் துறையில் நெடுங்காலம் பணியாற்றி, சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றவர். நான் அதே கல்லூரியில் நூலக உதவியாளர். அவரை அறிந்தவர்களுக்கு நான் எழுதுவதில் புதிதாக எதுவும் இருக்காது. ஆனால் அவரைப் பற்றிக் காற்றில் வந்த பேச்சை மட்டும் கேட்டவர்கள் பலர் உண்டு. இது அவர்களுக்காகவும்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரிடம் எனக்குப் பயம் இருந்தது. கேட்ட புத்தகம் இல்லையென்றால் "இல்ல" என்று சொன்னால் போதாது, "ஏன் இல்ல?" என்பார். அவர் கேட்கும் புத்தகங்கள் எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றியவை. எந்த நாட்டில் எந்த மதம் தேர்தலுக்குள் எப்படி நுழைகிறது, எது வரை நுழைகிறது என்பது அவருடைய ஆயுட்கால அக்கறை. மாணவர்கள் அவருக்கு 'ஐ.நா. மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும்.

அவருடைய வகுப்பறை நூலகத்துக்கு அடுத்த அறை. சுவரின் மேற்பகுதியில் இருந்த காற்றோட்டத் துளைகள் வழியே அவர் குரல் எங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். ஒருநாள் கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது.

"உங்கள்ல யார் யாரு பரீட்சைக்கு முன்னாடி சாமிக்கு நேந்துக்கிட்டீங்க? கையத் தூக்குங்க."

சலசலப்பு. எல்லாருமே தூக்கியிருக்க வேண்டும்.

"பேப்பர் திருத்துறவருக்கு நீங்க எந்தச் சாமிக்கு நேந்துக்கிட்டீங்கன்னு தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"தெரிஞ்சா?"

பின்வரிசையிலிருந்து ஒரு பையன் சொன்னான். "அவருக்கும் அதே சாமின்னா மார்க்கு கூடப் போடுவாரு மேடம்."

"வேற சாமின்னா?"

"அரியர் மேடம்!"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். "அவ்வளவுதான்டா இன்னைக்குப் பாடம். லெபனானுக்குப் போவோம்" என்று தொடங்கினார். ஒரு நாட்டில் அதிபர் பதவி ஒரு மதப் பிரிவினருக்கு, பிரதமர் பதவி இன்னொரு பிரிவினருக்கு என்று பிரித்து வைத்திருப்பதைச் சொன்னார். அங்கிருந்து பழைய அயர்லாந்துக்குப் போனார். பாதிரியார் பலிபீடத்தில் நின்றுகொண்டு, இன்னாருக்கு ஓட்டுப் போட்டால் நரகம் என்று பயமுறுத்திய வழக்குகளைச் சொன்னார். இஸ்ரேலில் ஓட்டுக்காகத் தாயத்துக் கொடுப்பதையும், ஆசி தருவதையும், சாபம் விடுவதையும் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டி வந்ததைச் சொன்னார். கடைசியாக நம் நாட்டுக்கு வந்தார். தெய்வக் கோபத்துக்கு ஆளாவாய் என்று ஒரு வாக்காளரை நம்ப வைப்பது நம் சட்டத்திலும் குற்றமே என்றார். "கடவுள் எந்த நாட்டு வாக்காளர் பட்டியலிலும் இல்ல. ஆனா எல்லா நாட்டிலயும் அவரை வச்சுத்தான் பிரச்சாரம் பண்ணுறாங்க." இதை மாணவர்கள் பல வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

இதையெல்லாம் கேட்ட சிலர் அவரை நாத்திகர் என்று முடிவு செய்துவிட்டார்கள். அவரோ விடியும் முன்பே குளித்து, ஆண்டாள் கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடாக ஸ்ரீசூர்ணம் இட்டுக்கொண்டு பஸ் ஏறி வருகிறவர். பகுத்தறிவு பேசும் சக ஆசிரியர்கள் அந்தக் கோட்டைப் பார்த்துக் கிண்டல் செய்தார்கள். கோயிலுக்கு வரும் பெண்கள் அவர் வகுப்பில் நடத்தும் பாடத்தைக் கேள்விப்பட்டு முகம் சுளித்தார்கள். மதியம் அவரும் நானும் நூலகத்தின் பின்னறையில் சேர்ந்து சாப்பிடத் தொடங்கியது அந்த நாட்களில்தான். இருவருக்குமே வீட்டுக்குப் போக அவசரம் இருந்ததில்லை. அதைப் பற்றி நாங்கள் ஒருபோதும் பேசிக்கொள்ளவில்லை.

பால்கோவா வாங்கி வரச் சொல்லி யாராவது கேட்டால் மறுத்துவிடுவார். "எனக்குச் சுகர். நீங்க சாப்பிடுறத நான் பாத்துக்கிட்டு இருக்கணுமாக்கும்?" என்பார். அதை வேடிக்கையாகத்தான் சொல்வார். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ஒருவர் கடைசி வரை ஒரு பொட்டலம்கூட வாங்கி வரவில்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

பிறகு ஒரு தேர்தல் வந்தது. மேடத்துக்கு வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் பணி. எனக்கு மூன்றாம் வாக்குப்பதிவு அலுவலர் பணி, அதாவது மேசைமேல் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவியின் பொத்தானை அழுத்தி ஒவ்வொரு வாக்காளருக்கும் இயந்திரத்தைத் திறந்துவிடும் வேலை. குலுக்கலில் இருவருக்கும் ஒரே சாவடி விழுந்தது. மாவட்டத்தின் இன்னொரு கோடியில் இருந்த ஒரு கிராமப் பள்ளிக்கூடம் அது. ஊர்ப் பெயர் வேண்டாம்.

காலையில் பார்த்தபோது மேடத்தின் நெற்றி வெறுமையாக இருந்தது. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "இன்னைக்கு ஒரு நாள் நான் எந்தக் கோயிலுக்கும் ஆளு இல்ல" என்றார்.

வாக்காளர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். காவலர் "போட்டுக்கிட்டே போங்க, பரவால்ல" என்று சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. ஒருவர் இயந்திரம் இருந்த மேசையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கட்சி முகவர் ஒருவர் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை.

வெயில் ஏறிய நேரத்தில் நடுத்தர வயதுப் பெண் ஒருவர் வந்தார். மை வைத்தோம், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார், நான் பொத்தானை அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. வாக்குப் பதிவானால் நீளமாக ஒரு ஓசை கேட்கும். அது கேட்கவே இல்லை. அட்டை மறைப்புக்குக் கீழே அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. அசையாமல் நின்றன.

வெளியே வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "என்ன மதினி, உள்ள போயித் தூங்கிட்டீகளா? வீட்டுல போயிச் சோறு பொங்கணும்ல!"

மேடம் எழுந்து, மறைப்புக்கு எட்ட நின்று, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார். "அம்மா, ஏதும் சிரமமா?"

உள்ளேயிருந்து அழுகிற குரல் வந்தது. "ரெண்டு பக்கமும் சத்தியம் வாங்கிட்டாக தாயி. அம்மன் கோயில்ல சூடத்துல ஒருத்தருக்கு. மறுநாளு வீட்டுக்கே வந்து, எம் பேரன் தலையில கைய வைக்கச் சொல்லி இன்னொருத்தருக்கு. எத அமுக்குனாலும் பிள்ளைக்கு ஆகாதே."

இரண்டு தரப்பு முகவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் யாரிடம் சத்தியம் வாங்கினார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

"போட விருப்பமில்லைன்னா போடாமலும் போகலாம்மா. நான் எழுதிக்கிறேன்" என்றார் மேடம்.

"போடாமப் போனா ரெண்டு சத்தியமும்ல பொய்யாகும்."

"நீங்க அங்க என்ன செய்றீங்கன்னு யாராலயும் பாக்க முடியாது. ஏஜென்டு பாக்க முடியாது. போலீஸ் பாக்க முடியாது. நான் நினைச்சாலும் பாக்க முடியாது."

"சாமி?"

எனக்கு மேடத்தின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. பிறகு அவர் சொன்னார்.

"சாமி பாக்கும்மா. ஆனா யார்கிட்டயும் சொல்லாது."

சற்று நேரம் கழித்து அந்த ஓசை கேட்டது. அந்தப் பெண் வெளியே வந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போய்விட்டார். யாருக்குப் போட்டார் என்பது இன்று வரை யாருக்கும் தெரியாது.

அன்று மாலையே புகார்கள் போயின. தலைமை அலுவலர் சாமி பெயரைச் சொல்லி வாக்காளரை வழிநடத்தினார் என்று ஒரு தரப்பு எழுதியது. தெய்வத்தின் முன் செய்த சத்தியத்தை இழிவுபடுத்தினார் என்று மற்றொரு தரப்பு எழுதியது. எந்தச் சட்டத்தை அவர் வருடா வருடம் வகுப்பில் நடத்தினாரோ அந்தச் சட்டத்தையே அவர் மேல் சொன்னார்கள். விசாரணையில் நான் கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். எச்சரிக்கையோடு விஷயம் முடிந்தது. அதன் பிறகு அவருக்குத் தேர்தல் பணி வரவில்லை.

புகார் கொடுத்தவர்கள் மேல் அவருக்குக் கோபம் இல்லை. அவரை உறுத்தியது வேறு. மதியச் சாப்பாட்டின்போது ஒருநாள் சொன்னார். "செல்வி, அந்தம்மா சாமியப் பத்திக் கேட்டப்ப 'எனக்குத் தெரியாது'ன்னு சொல்லிருக்கணும். அதிகாரிக்கு அதுதான் முறை. அவங்க தப்பாப் புகார் கொடுக்கல."

"அப்ப ஏன் மேடம் சொன்னீங்க?"

"எனக்குத் தெரியுமே" என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "தெரிஞ்சத வச்சுக்கிட்டு எப்படித் தெரியாதுன்னு சொல்றது?"

மதத்துக்கும் தேர்தலுக்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்று உலகம் முழுக்கத் தேடிப் படித்தவர் அவர். அந்தக் கோட்டின் மேலேயே ஒருநாள் அவர் நிற்க வேண்டி வந்தது.

அதற்குப் பிறகு மெதுவாக ஆட்கள் விலகினார்கள். யாரும் சண்டை போடவில்லை. மார்கழியில் சேர்ந்து பாசுரம் சொல்லும் பெண்கள் நேரத்தை மாற்றியதை அவருக்குச் சொல்லவில்லை. அவர் வழக்கமான நேரத்துக்குப் போய், ஆளில்லாத மண்டபத்தில் நின்றுவிட்டுத் திரும்பினார். அடுத்த நாளும் போனார். தனியாகவே பாசுரம் சொல்லிவிட்டு வந்தார். மாலையில் கூடிப் புத்தகம் பேசும் நண்பர்கள், சாவடியில் சாமியை இழுத்தவர் என்று சொல்லி, அவரைக் கூட்டத்துக்கு அழைப்பதை நிறுத்திக்கொண்டார்கள். ஓய்வு பெற்ற பின் கல்லூரியும் இல்லை. தேர் ஓடும் நாளில் மாடியில் நின்று பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்வார். "சத்தம் கேக்குதா?" என்பார். போனை வெளியே நீட்டுவார் போலும். கொட்டுச் சத்தமும் கூட்டத்தின் இரைச்சலும் கேட்கும். இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருப்போம்.

கடைசியாக நான் அவரைப் பார்த்தது போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு. கொழுந்தன் விஷயத்தைச் சொன்னேன். அவர் வழி சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன்.

"உன் கொழுந்தன் எப்படி ஆளு?"

"நல்லவரு மேடம். ஊருக்குச் செய்வாரு. எதுத்து நிக்கிறவரவிட எம்புட்டோ மேல்."

"அப்ப அவருக்கு எதுக்குச் சூடம்?"

"வழக்கம் மேடம். ஆளு ஆளுக்குக் கைய வைக்கிறப்ப நான் மட்டும் வைக்கலைன்னா, எதுத்த பக்கம் போயிட்டேன்னு ஆயிரும்."

"ஆகும்."

"எங்க வீட்டுக்காரரு ரிட்டயர் ஆகி வந்ததும் அங்கதான் இருக்கப் போறோம். வீடு கட்டிப் போட்டுருக்கோம். ஒரு நல்லது கெட்டதுக்கு அவங்கதான். பொறவு அந்த ஊர்ல என் கூட யாரு மேடம் பேசுவா?"

அவர் எழுந்து பாலை அடுப்பில் வைத்தார். தெருவில் பால்காரர் மணி அடித்துக்கொண்டு போனார். "அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல செல்வி" என்றார். "எனக்கே இன்னும் கிடைக்கல."

பிறகு காபி போட்டுக் கொடுத்தார். எனக்கு மட்டும் சர்க்கரை போட்டிருந்தார். பஸ் நிறுத்தம் வரை உடன் வந்தார். வழக்கமாக வருகிறவர் இல்லை.

அன்று போன் வந்ததும் கிளம்பி நான் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மதுரையிலிருந்து அவருடைய அண்ணன் மகன் வந்திருந்தான். நல்ல பையன். அத்தையோடு அதிகம் பழகாதவன். தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டான். "ஆன்ட்டி, அத்தை சாமி கும்பிடுவாங்களா? காலேஜ்ல வேற மாதிரி சொன்னாங்க. கோயில் தீர்த்தம் வாங்கிட்டு வரச் சொல்லலாமா, வேண்டாமா?"

நான் சொல்வதற்குள் உரிமையாளரம்மா முந்திக்கொண்டார். "என்ன தம்பி கேக்குறீங்க? இந்தத் தெருவுல அவிய போயிட்டு வந்த பொறவுதான் மத்தவுக கோயிலுக்கே போவாக. போயி வாங்கிட்டு வாங்க."

தீர்த்தமும் துளசியும் வந்தன. நெற்றி வெறுமையாக இருந்தது. ஸ்ரீசூர்ணம் இருக்கும் சிறு கிண்ணம் அவருடைய பூஜை அலமாரியிலேயே இருந்தது. இட்டுவிட உறவுப் பெண்கள் யாரும் இன்னும் வந்திருக்கவில்லை. "நீங்களே வைங்கம்மா" என்றார் உரிமையாளரம்மா. எங்கள் வீட்டில் திருநீறுதான். அந்தக் கோட்டை இழுத்து எனக்குப் பழக்கமில்லை. குச்சியால் தொட்டு இட்டேன். சற்றுக் கோணலாகத்தான் வந்தது. அழித்துவிட்டுத் திரும்ப இடலாமா என்று நினைத்தேன். மனம் வரவில்லை. அந்தக் கோணல் கோட்டோடுதான் அவர் போனார். வந்தவர்கள் குறைவு. கோயில் பெண்கள், பகுத்தறிவு பேசும் நண்பர்கள் என்று இரண்டு தரப்பிலும் சிலர் வந்திருந்தார்கள். தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றார்கள்.

மேடம், சுடுகாட்டுக்குப் பெண்கள் வருவதில்லை என்று தெருமுனையிலேயே என்னை நிறுத்திவிட்டார்கள். உங்களிடம் விடைபெற்றது அங்கேதான். நீங்கள் நிம்மதியாக இருங்கள். அங்கே உங்களிடம் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

இதை எழுதுகிற இன்று வியாழக்கிழமை. கொழுந்தன் காலையிலும் பேசினார். நாளைக்கு வண்டி அனுப்புகிறேன் என்றார். வருகிறேன் என்றேன். போவேன். பொங்கல் வைக்க மற்றவர்களோடு நிற்பேன், சாமியைக் கும்பிடுவேன். ஓட்டு கொழுந்தனுக்குத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அதை அவரிடமும் சொல்லப் போவதில்லை. சூடம் என் முன்னால் வரும்போது கையை நீட்டப் போவதும் இல்லை. இரவு கணவர் போன் செய்தார். ஊருக்குப் போகிறாயா என்று கேட்டார். ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.